பிரிக்காத பொட்டலம்

ஆடிச்சுற்று முடிந்த களைப்பு என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பினோம். ஆடித்தபசுக்குக் கொடி ஏறிய நாளிலிருந்து அக்கா ஆண்டு தவறாமல் கோயிலைச் சுற்றுவாள். ஒற்றைக் காலில் தவம் நிற்கும் கோமதி அம்மனின் கால்வலியில் ஒரு பங்கைச் சுற்றுகிறவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. எங்கள் வீட்டில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. அப்படி வந்த வலிக்கு மாத்திரை போடக்கூடாது. போட்டால் வாங்கிய வலி திரும்ப அம்மனிடமே போய்விடும். இதை எங்கள் அம்மா சொல்லி வைத்திருந்தாள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

ஆகவே தபசு முடிந்த மறுநாள் அக்கா எழுந்திருக்காமல் படுத்தபோது யாரும் பதறவில்லை. உடம்பு கொதித்தது, சுற்றிய சூடு என்றார்கள். சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று அவளே சொன்னாள். எல்லாம் வேர்வையாகப் போயிருக்கும் என்று ஆறுதல் சொன்னோம். மாலையில் பேச்சு கொஞ்சம் குழறியது. அதற்கும் அத்தானிடம் விளக்கம் இருந்தது. "அசதி டீச்சர். விடு, உறங்கட்டும்." என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான், திருமணம் செய்துகொள்ளவில்லை, அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். அத்தானுக்குப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. அவர்களுடைய ஒரே மகள் வெளிநாட்டில் குடும்பத்தோடு இருக்கிறாள்.

அடுத்த நாள் மதியம் ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து எடுத்துக்கொண்டு கீழே போனேன். அக்கா கண்ணைத் திறந்து என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா, பள்ளிக்கூடத்துக்கு மணி அடிச்சிட்டா?" என்றாள்.

கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அவளுடைய புடவை ஓரத்தை விலக்கினேன். பாதத்தின் அடியில் ஒரு கொப்புளம் உடைந்து, சுற்றிலும் சதை கறுத்துப்போயிருந்தது. கணுக்காலைத் தாண்டிச் சிவப்பு ஏறியிருந்தது. அவளுக்குச் சர்க்கரை நோய் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பாதம் உணர்ச்சியை இழந்து எவ்வளவு காலம் ஆயிற்றோ தெரியாது. வலி தெரியாத காலோடு அவள் வலியைப் பங்கு போடப் போயிருந்தாள்.

ஊர் மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், கருவியின் மேல் சந்தேகப்பட்டு மறுபடி ஒருமுறை பார்த்தார். "இங்கன வச்சுக்கிட முடியாது. உடனே திருநெல்வேலிக்குக் கொண்டு போங்க" என்றார். ஆம்புலன்ஸில் அத்தான் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால் அக்காவின் தலைமாட்டில் இருந்தேன். வழி முழுவதும் அவள் என்னை அம்மா என்றே கூப்பிட்டாள். திருத்துவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

அவளுக்கு வந்திருந்ததைச் செப்சிஸ் என்றார்கள். ரத்தத்தில் கிருமி கலப்பது என்று நாம் பொதுவாகச் சொல்லிக்கொள்வது அதன் பாதிதான். மறுபாதி இன்னும் கொடியது. கிருமியை அடிக்கப் புறப்பட்ட உடம்பின் காவல், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மறந்து, காக்க வேண்டிய உறுப்புகளையே அடிக்கத் தொடங்கிவிடுகிறது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிகின்றன, அழுத்தம் விழுகிறது, நுரையீரலும் இதயமும் சிறுநீரகமும் தத்தம் வேலையை ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. அக்காவின் இதயம் தடுமாறி நிலைபெற்றது. பாதத்தில் அழுகிய சதையை வெட்டி எடுத்துக் காலைக் காப்பாற்றினார்கள். சிறுநீரகங்கள் மட்டும் நின்றவை நின்றவைதாம். கழுத்தின் வழியே ஒரு குழாயைச் செருகி, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது ஓர் இளம் பெண் மருத்துவர் வந்தார். கடையநல்லூர்க்காரர், பேச்சிலேயே தெரிந்தது. அவர் சிகிச்சை செய்கிறவர் அல்ல, ஓர் ஆய்வில் இருப்பவர். அக்காவுக்கு எடுக்கும் ரத்தத்திலும் சிறுநீரிலும் கொஞ்சம் தன் ஆய்வுக்குத் தர முடியுமா என்று கேட்டார். சம்மதிக்கவில்லை என்றாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது என்று பொறுமையாகச் சொன்னார்.

"இதுல என்ன பாப்பீய?" என்றார் அத்தான்.

"ஆர்.என்.ஏ.ன்னு சின்னச் சின்ன இழை அண்ணாச்சி. அதுல சிலது புரதம் எதுவும் செய்யாது. ஆனா உறுப்பு அடிபட்டா அதுங்க ரத்தத்துல கூடுது, குறையுது. கிட்னி எவ்வளவு அடிபட்டிருக்கு, திரும்புமா திரும்பாதான்னு அதை வச்சு முன்கூட்டியே சொல்ல முடியுமான்னு பாக்கோம்."

அந்த நீண்ட பதிலில் அத்தானின் காதில் தங்கியது கடைசி வரி மட்டுமே. திரும்புமா, திரும்பாதா. அவர் கையெழுத்துப் போட்டார். சின்னக் குழாய்களில் எடுத்த ரத்தத்தை மருத்துவர் பெட்டிக்குள் வைத்து மூடி எடுத்துப்போவதை, அந்தப் பெட்டி தாழ்வாரத்தின் கோடியில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாசலில் காத்திருந்த நாட்களில் எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். நான் பாடம் நடத்திய காலத்தில் ஆர்.என்.ஏ. என்பது பெரும்பாலும் தூதுவன். மரபுப்பொருளில் எழுதியிருப்பதைப் படியெடுத்துக்கொண்டு போய்ப் புரதம் செய்யும் இடத்தில் கொடுக்கும். துணைக்கு வேறு இரண்டு வகைகள் உண்டு. அவற்றுக்கும் ஆளுக்கொரு வேலை சொல்லி முடித்துவிடுவோம். செல்லுக்குள் படியெடுக்கப்படுவதில் பெரும்பகுதி புரதமாக மாறுவதே இல்லை என்பதும், அவை வெறுமனே கிடக்கவில்லை என்பதும் பாடப்புத்தகத்தில் இல்லை. மிகச் சிறிய இழைகள் சில, தூதுவனைப் பிடித்துக்கொண்டு அவனுடைய செய்தி நிறைவேறாமல் தடுக்கின்றன. நீண்ட இழைகள் சில, அந்தச் சிறியவற்றைத் தம்மோடு ஒட்டவைத்துக்கொண்டு தூதுவனை விடுவிக்கின்றன. தடுப்பதும் விடுவிப்பதுமாக நடக்கும் இந்த ஓசையில்லாத நிர்வாகம் சீராக இருக்கும்வரை வீக்கம் எழுந்தால் அடங்குகிறது. செப்சிஸில் அது நிலைகுலைகிறது. அடங்கு என்று சொல்ல வேண்டியவை குறைந்துபோகின்றன. எரி என்று சொல்பவை பெருகுகின்றன. அடிபட்ட சிறுநீரகத்தின் செல்கள் இந்த இழைகளை நுண்ணிய பைகளில் இட்டு ரத்தத்திலும் சிறுநீரிலும் கசியவிடுகின்றன. அவற்றைத்தான் அந்த மருத்துவர் தேடிக்கொண்டிருந்தார்.

படித்ததில் எனக்கு நிம்மதியும் வந்தது, அயர்ச்சியும் வந்தது. ஓரிடத்து ஆய்வில் கூடிய இழை இன்னோரிடத்து ஆய்வில் குறைந்திருந்தது. ஒரே இழை ஓர் உறுப்பைக் காத்தது, வேறோர் உறுப்பைக் கெடுத்தது. இதில் என் அக்காவுக்கான பதில் எதுவும் இப்போதைக்கு இல்லை என்பதைப் புரிந்துகொள்ள வெகுநேரம் ஆகவில்லை. அத்தானுக்கு அதைப் புரியவைக்கத்தான் மாதங்கள் போதவில்லை.

அக்கா தேறி வீட்டுக்கு வந்தாள். புத்தி தெளிந்துவிட்டது, என்னை மறுபடியும் "ஏட்டி" என்று கூப்பிட்டாள். ஆனால் கழுத்தில் குழாய் இருந்தது. வாரத்தில் பாதி நாட்கள் திருநெல்வேலிப் பயணமாகவே கழிந்தன. வாடகைக் காரில் காலையில் புறப்பட்டு, இயந்திரத்தின் அருகே மணிக்கணக்கில் இருந்துவிட்டு, வெயில் தாழத் திரும்புவோம். வந்ததும் அவள் சுருண்டு படுத்துவிடுவாள். உப்பில்லாத சோறு; அளந்து கொடுக்கிற தண்ணீர்; தாகம் எடுத்தால் நாக்கை நனைக்க ஒரு துண்டு ஐஸ். அவளுடைய கிண்டல் மட்டும் உடம்பைவிட்டுப் போகவில்லை. "எனக்கு ஒண்ணுவிட்டு ஒருநாள் ரத்தத்தை வெளுத்துக் குடுக்காவ. நம்ம வண்ணான்கூட இத்தனை ஒழுங்கா வரமாட்டான்" என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்வாள்.

செப்சிஸில் நின்ற சிறுநீரகம் சிலருக்குச் சில மாதங்களில் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சிலரில் அக்கா இருக்கிறாளா என்பதைத் தவிர எங்கள் வீட்டில் அப்போது வேறு கேள்வி இல்லை. தினமும் எவ்வளவு சிறுநீர் போயிற்று என்பதை அத்தான் மார்க்கெட்டிலிருந்து போனில் கேட்பார். ஏலச் சத்தத்துக்கு நடுவே அவர் கத்திக் கேட்பதும், அக்கா இங்கே வெட்கத்தில் தலையில் அடித்துக்கொள்வதும் வாடிக்கையாகிவிட்டது.

ஒவ்வொரு முறை திருநெல்வேலிக்குப் போகும்போதும், அக்காவை இயந்திரத்தில் சேர்த்ததும் அத்தான் மாடியேறி ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுவார். ஒருநாள் நானும் கூடப் போனேன்.

"என்ன டாக்டரம்மா, பிரிச்சாச்சா?"

"என்ன அண்ணாச்சி, பொட்டலமா அது, பிரிக்கதுக்கு?"

"பொட்டலந்தான். கட்டி வச்சாச்சுல்லா. பிரிக்க வேண்டியதுதான பாக்கி."

மருத்துவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தான் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அந்தக் கணத்தில்தான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் முடிவெடுக்க முடியாத காரியத்துக்குப் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப்பூ, ஒன்றில் சிவப்புப்பூ. சந்நிதியில் வைத்து, விவரம் அறியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த பூ வந்தால் காரியத்தில் இறங்கலாம். மற்றது வந்தால் விட்டுவிட வேண்டும். அத்தான் மார்க்கெட்டில் கடை எடுத்தது அப்படித்தான். மகளுக்கு இந்த இடத்தை முடித்ததும் அப்படித்தான். நாம் கேட்பதற்கு முன்பே பதில் உள்ளே இருக்கிறது என்பதே அந்த வழக்கம் தரும் ஆறுதல். அவரைப் பொறுத்தவரை அந்த மருத்துவர் எடுத்துப் போனது ரத்தம் அல்ல. அக்காவின் சிறுநீரகத்துக்காகக் கட்டிய பூ. அது எங்கோ ஓர் உறைகுளிர்ப் பெட்டிக்குள் பிரிக்கப்படாமல் இருக்கிறது.

திரும்பும் வழியில் காரில் மெதுவாக எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். "அத்தான், அது ஆராய்ச்சி. நமக்குப் பதில் சொல்றதுக்கு எடுத்தது இல்ல."

"டீச்சர், நீ புஸ்தகத்துல உள்ளதச் சொல்லுத. அந்தப் புள்ள அவ வாயால சொல்லிச்சு, திரும்புமா திரும்பாதான்னு பாக்கோம்னு."

"சொல்ல முடியுமான்னு பாக்கோம்னுதான் சொன்னாவ."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா கண்ணை மூடியபடி, "சண்டையை வீட்டுல போயி வச்சுக்கிடுங்க. சண்டைக்கும் சேத்தா கார் வாடகை குடுக்கோம்?" என்றாள்.

மழைக்காலம் தொடங்கியபோது சிறுநீரக டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். திரும்புவதற்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை. கழுத்துக் குழாயை இனிமேலும் வைத்திருப்பது நல்லதல்ல. கிருமி புகுவதற்கு அது திறந்த வாசல். இடக்கையில் சிறிய அறுவை செய்து இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துவிட்டால், சில வாரங்களில் அது தடித்துவிடும். அதன்பின் அதில் ஊசி போட்டே டயாலிசிஸ் செய்துகொள்ளலாம். அந்தக் கையில் பாரம் தூக்கக்கூடாது, இறுக்கமாக எதையும் அணியக்கூடாது.

"அந்த ரிசல்ட் வரட்டும் சார். வந்த பொறவு பாப்போம்" என்றார் அத்தான்.

"எந்த ரிசல்ட்?"

"மேல மாடில எடுத்தாவள்லா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலைகுனிந்துகொண்டேன். அவர் மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார். அத்தான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் அதையே சொன்னார். கையைக் கீறிவிட்டால் அது சிறுநீரகம் திரும்பாது என்று நாமே எழுதிக் கொடுப்பதுபோல ஆகிவிடும் என்று அவர் பயந்தார். வளையலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அக்காவின் ஒரு கை வெறுங்கையாக இருப்பதை அவரால் மனத்தில்கூடப் பார்க்க முடியவில்லை. அவளுக்காக முடிவெடுக்கும் உரிமை எங்களில் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் அது எப்போதுமே அத்தானுடையதாக இருந்து வந்தது.

அறுவை தள்ளிப்போயிற்று. கொஞ்ச நாளில், இயந்திரத்தில் படுத்திருந்தபோதே அக்காவுக்குக் குளிர் நடுக்கம் கண்டது. பற்கள் அடித்துக்கொண்டன. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் கட்டில் ஆடியது. கழுத்துக் குழாயில் கிருமி புகுந்துவிட்டது. மறுபடியும் செப்சிஸாகிவிடக் கூடும் என்று அதே தாழ்வாரத்துக்கு எங்களை அனுப்பினார்கள். அதே நாற்காலிகள். அத்தான் உட்காரவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். இந்த முறை மருந்து சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய குழாயை எடுத்துவிட்டு, மறுபக்கக் கழுத்தில் புதிதாக ஒன்று போட்டார்கள். காய்ச்சல் இறங்கி வார்டுக்கு வந்ததும் அக்கா என்னிடம், "ஏட்டி, அந்த ஆராய்ச்சி டாக்டரக் கொஞ்சம் வரச்சொல்லு" என்றாள்.

மதிய நேரத்தில் அவர் வந்தார். அத்தான் கட்டிலின் கால்மாட்டில் இருந்தார்.

"ஏம்மா, எங்க வீட்டுக்காரவ ஒங்களை ரொம்பத் தொந்தரவு பண்ணுதாவளோ?"

"அதெல்லாம் இல்லம்மா. எங்க வாப்பாவும் இப்படித்தான். ஒண்ணைப் பிடிச்சா விடமாட்டாவ."

"நீங்க எடுத்த குழாயில எம் பேரு எழுதியிருக்கா?"

"பேரு கிடையாதும்மா. நம்பர் மட்டுந்தான். பரிசோதிக்கும்போது அது யாருதுன்னு எனக்கே தெரியக்கூடாது. முறை அப்படி."

"பிரிச்சா என்ன தெரியும்?"

மருத்துவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். "ஒங்களைப் பத்தித் தெரியாதும்மா. ஒங்களை மாதிரி நிறையப் பேரோடதைச் சேத்துப் பாத்தா, எது முதல்ல கூடுது, எது குறையுதுன்னு கொஞ்சம் தெரியலாம். அதுவும் உறுதி இல்ல. நாளைக்கு வேற யாராவது அதை வச்சு ஒரு டெஸ்டு கண்டுபிடிக்கலாம். அவ்வளவுதான். நான் இதை முதல்லயே இன்னும் தெளிவாச் சொல்லியிருக்கணும்."

"நீங்க சொன்னீய. கேக்கதுக்கு ஆளு இல்ல" என்றாள் அக்கா. பிறகு அத்தானைப் பார்த்தாள். "கேட்டீயளா? அது எனக்குக் கட்டுன பூ இல்ல."

அத்தான் போர்வையின் நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "பொறவு யாருக்காம்?" என்றார்.

"இனிமே எவளோ ஒருத்தி வந்து இந்தக் கட்டில்ல படுப்பாள்லா, அவளுக்கு. அவளாவது வெள்ளென எந்திரிச்சுப் போகட்டும்." சற்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "நாளைக்கே கையைக் கீறச் சொல்லுங்க."

"வளையலு?"

"வலக்கையில போட்டுக்கிடுதேன். ஒரு கையில வளையலு இல்லன்னா நீங்க பாதி உசுரோடயா இருக்கப் போறீய?"

மருத்துவர் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தானும் சிரித்தார், சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டு, துடைக்காமலே வந்து உட்கார்ந்தார். இடக்கை வளையல்களை அவரே கழற்றினார். ஒன்று மணிக்கட்டில் மாட்டிக்கொண்டது. நர்ஸிடம் கேட்டு வாங்கிய சோப்பு நுரையைத் தடவி, தோல் சிவக்காமல் மெல்லத் திருகி எடுத்தார். பூவை எடைபோடும் கை. அவ்வளவு நிதானத்தை நான் அதில் அதுவரை கண்டதில்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. இணைத்த இடத்தில் விரல் வைத்தால் ஓர் அதிர்வு தெரியும். அது இருக்கும்வரை குழாய் திறந்திருக்கிறது என்று பொருள். தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பொறுப்பை அத்தான் எடுத்துக்கொண்டார். மார்க்கெட்டுக்குப் புறப்படும்முன் அக்காவின் முழங்கைக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்பவர்போல நிற்பார். "ஓடுது" என்பார். "ஓடலைன்னா சொல்லி அனுப்புதேன், போங்க" என்பாள் அவள்.

கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். பிறகு ஊரிலேயே டயாலிசிஸுக்கு இடம் கிடைத்தது. திருநெல்வேலிப் பயணம் நின்றது. ஆய்வு மருத்துவர் மேற்படிப்புக்கு வேறு நகரத்துக்குப் போய்விட்டார். போகும்முன் போன் செய்து அக்காவை விசாரித்தார். அத்தான்தான் பேசினார். ரிசல்ட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவருடைய வாப்பாவின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்தார்.

களைப்பு என்பது ஒருநாள் வந்து ஒருநாள் போவது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இப்போது அது எங்களோடு ஒரு வீட்டு ஆள்போல இருக்கிறது. அதற்கும் சேர்த்து இடம் விட்டுப் பழகிக்கொண்டோம். இயந்திரத்திலிருந்து வந்த நாட்களில் அக்கா யாரோடும் பேசமாட்டாள். மறுநாள் சாயந்தரம் கொஞ்சம் தெளிந்து, சமையலில் குறை சொல்லத் தொடங்குவாள். அதற்கடுத்த நாள் மறுபடியும் இயந்திரம். இதில் தேறுவது என்று ஒன்று இல்லை என்பதை மூவரும் தனித்தனியாக உணர்ந்திருக்கிறோம். அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. மகள் போனில் அழும்போது அக்கா, "எனக்கென்னட்டி, ராணி மாதிரி படுத்துக் கிடக்கேன்" என்பாள்.

சிறுநீரகங்கள் திரும்பவில்லை. கீழ்வீட்டில் அக்காவும் அத்தானும் இருக்கிறார்கள். மாடியில் நான் இருக்கிறேன்.